பூனைக்குட்டிக்குப் பேதியா? வடசென்னையில் என்ன செய்வது, எங்கே போவது

காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்த குட்டியை, வலை பின்னும் அண்ணன் ஒருவர் தெர்மோகோல் பெட்டியில் போட்டு என்னிடம் நீட்டினார். "இட்டுனு போம்மா, இங்க இருந்தா நாய் வாயில போயிடும்" என்றார். தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடியில் எங்கள் போர்ஷன். அன்றிரவே குட்டிக்குப் பேதி ஆரம்பித்தது. நின்றது 19-ஆம் நாள். அதில் முதல் 11 நாளை நானே வீணாக்கினேன். பால், தயிர்ச்சாதம், மூன்று வகை பாக்கெட் தீனி, பக்கத்து வீட்டு வைத்தியம், ஒரு கிளினிக்கில் இரண்டு தடவை ஊசி என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனேன். கடைசியில் வேலையை முடித்தது ஒரு சின்ன டப்பா மலமும் ஒரு நுண்ணோக்கியும்தான். அந்த 11 நாள் உங்களுக்கு வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

1. முதலில், இது ஓட வேண்டிய நிலையா என்று பாருங்கள்

மற்றதையெல்லாம் படிக்கும் முன் குட்டியைக் கையில் எடுங்கள். பேதியோடு வாந்தியும் இருக்கிறதா? ஒரு வேளைக்கு மேல் சாப்பாட்டைத் தொடவில்லையா? கூப்பிட்டால் தலை தூக்காமல் மூலையில் சுருண்டு கிடக்கிறதா? தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறதா? மலம் தார் மாதிரி கறுப்பாகவோ ரத்தமாகவோ போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது வளர்ந்த பூனைக்கு ஒருவேளை சரிப்படும். 600 கிராம் குட்டிக்குச் சரிப்படாது.

காரணம், பூனைகளுக்கு வரும் பார்வோ. மருத்துவர்கள் இதைப் பான்லூகோபீனியா என்பார்கள். தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும் நோய் இது. முதலில் சோர்வும் காய்ச்சலும், பிறகு வாந்தி, பிறகு பேதி என்று வரும். சில குட்டிகளுக்குப் பேதி வருவதற்குள்ளேயே முடிந்துவிடும். இது மனிதருக்கு ஒட்டாது. ஆனால் வீட்டில் தடுப்பூசி போடாத வேறு பூனை இருந்தால் இந்த நிமிடமே அதைத் தனி அறைக்கு மாற்றுங்கள்.

உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கப் பிடரித் தோலைக் கிள்ளி விடச் சொல்வார்கள். மிகச் சின்னக் குட்டிகளில் அதை நம்ப முடியாது. உதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். ஈரமாக வழுக்கினால் பரவாயில்லை. பிசுபிசுவென்று விரலில் ஒட்டினாலோ, ஈறு வெளிறிப் போயிருந்தாலோ தாமதிக்கக் கூடாது. உடம்பு சில்லிட்டிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முதலில் சூடேற்ற வேண்டும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், அதோடு ஆட்டோ பிடியுங்கள்.

மாறாக, குட்டி ஓடுகிறது, வாலைத் துரத்துகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, மலம் மட்டும் கூழாக இருக்கிறது என்றால் ஒரு நாள் பார்க்கலாம். இடம் மாறிய மிரட்சிக்கும் தீனி மாறியதற்கும் வயிறு இளகுவது சகஜம். 24 மணி நேரத்துக்கு மேல் போனால் சகஜம் என்ற கணக்கில் வைக்காதீர்கள்.

2. கொடுத்துக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள்

பாலில் ஆரம்பிக்கிறேன். பூனை என்றால் பால் என்று நாம் வளர்ந்துவிட்டோம். தாய்ப்பால் மறக்கும் வயதில், பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சத்து குட்டியின் குடலில் குறைந்துகொண்டே போகிறது. செரிக்காத பால் பேதியாக வெளியே வரும். பசும்பால், எருமைப்பால், பாக்கெட் பால், தண்ணீர் கலந்த பால், டீக்கடை பன்னை நனைத்த பால் எதுவானாலும் கதை ஒன்றுதான். என் குட்டி பாலை நக்கிக் குடித்த வேகத்தைப் பார்த்து, பசியில் இருக்கிறது பாவம் என்று இன்னும் ஊற்றினேன். நான்கு வாரத்துக்கும் குறைவான, பல் சரியாக முளைக்காத குட்டியாக இருந்தால் அதற்கென்று பூனைக்குட்டிப் பால் பவுடர் விற்கிறது. மருத்துவரிடம் கேட்டு அதை வாங்குங்கள்.

அடுத்தது மெடிக்கல் ஷாப். மனிதருக்கான பேதி நிறுத்தும் மாத்திரையை உடைத்துக் கால்பாகம் கொடுங்கள் என்று கடையில் சொன்னார்கள். வாங்கிவிட்டேன்கூட. நல்லவேளை, கொடுக்கவில்லை. குடலின் அசைவை நிறுத்தும் மருந்து, உள்ளே இருக்கும் கிருமியை வெளியேற விடாது. அதுவும் பூனைக்குட்டிக்கு அளவு கொஞ்சம் தவறினாலே விபரீதம். இன்னொன்றைப் பெரிய எழுத்தில் மனதில் பதியுங்கள்: காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துப்போகும். கால் மாத்திரை, குழந்தைகள் சிரப் என்ற பேச்சே கிடையாது. பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. பூனைக்கு இயல்பான உடல் சூடே சுமார் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொன்னார். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயரே இருக்கிறது என்பது அவர் வாதம். அக்கா, இது வேற பிள்ளை என்று சொல்லித் தப்பினேன். அம்மாவோ கோழி வேகவைக்கும்போது வாயு பிடிக்காமல் இருக்க இரண்டு பல் பூண்டைப் போட்டுவிட்டார். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். குழம்புச் சாதத்தில் பிசைந்து போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

பட்டினி போட்டால் வயிறு ஓயும் என்பதும் குட்டிக்குப் பொருந்தாது. சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

3. தராசும் நோட்டும்

சமையலறைத் தராசு ஒன்று 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன், ஒரு டப்பாவில் உட்கார வைத்து எடை பாருங்கள். நலமான குட்டி வாரத்துக்கு 100 கிராம் போல ஏற வேண்டும். இரண்டு மாதக் குட்டி 800, 900 கிராம் பக்கம் இருக்கும். என் குட்டி வந்தபோது 640 கிராம். ஒன்பதாம் நாள் 590. எடை நின்றாலே கவலைப்பட வேண்டிய வயதில் 50 கிராம் இறங்கியிருக்கிறது. தராசு வாங்கியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ரோமம் பொய் சொல்லும்.

நோட்டில் எழுத வேண்டியவை: எத்தனை தடவை போகிறது, எவ்வளவு போகிறது, என்ன நிறம், சளி உண்டா, என்ன சாப்பிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, சளியும் சிவப்பு ரத்தமும் கலந்து போனால் கோளாறு பெரும்பாலும் பெருங்குடலில். குறைந்த தடவை, நிறைய நிறையத் தண்ணீராகப் போய், உடம்பும் வற்றினால் சிறுகுடலில். இந்த ஒரு விவரத்தை வைத்தே மருத்துவர் பாதி முடிவெடுப்பார். வாந்தியிலோ மலத்திலோ சேமியா மாதிரி வெள்ளையாக நெளிந்தால் உருண்டைப் புழு. ஆசனவாய் ஓரத்தில் அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சியால் வருவதால், ரோமத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். போனில் படம் எடுத்து வையுங்கள். அசிங்கம் என்று பார்க்காதீர்கள். என் கேலரியில் கல்யாணப் படங்களுக்கு நடுவே 31 மலப் படங்கள் இருக்கின்றன.

4. மலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்

இதைத்தான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தெருவிலும் மீன் மார்க்கெட்டிலும் பிறந்த குட்டிகளுக்குப் பேதி என்றால் பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியவை சிலதான். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும் உருண்டைப் புழு. காக்சிடியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. ஜியார்டியா என்ற இன்னொரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. வெளியே பார்க்க எல்லாம் ஒரே பேதிதான், ஆனால் மருந்து வேறு வேறு. சாதாரணப் பூச்சி மருந்து உருண்டைப் புழுவைக் கொல்லும், காக்சிடியாவைத் தொடாது. நான் ஆறாம் நாள் போன கிளினிக்கில் மலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு ஊசி போட்டு அனுப்பினார்கள். இரண்டு நாள் நின்றது, ஒன்பதாம் நாள் திரும்பியது. மறுபடி போனேன், மறுபடி ஊசி. 12-ஆம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது காக்சிடியாவும் இருந்தது, உருண்டைப் புழு முட்டையும் இருந்தது. ஊசி போட்ட கையைக் குற்றம் சொல்வதைவிட, கேட்காமல் இருந்த என் வாயைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். "டாக்டர், மோஷன் டெஸ்ட் எடுத்துடலாமா?" இந்த ஒரு வரி போதும்.

எடுக்கும் விதம்: அன்று போன மலமாக இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். மெடிக்கல் ஷாப்பில் மூடி போட்ட பரிசோதனை டப்பா 10, 15 ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு டீஸ்பூன் அளவு போதும். மண் ஒட்டாத இடத்திலிருந்து எடுங்கள். இதற்காகவே முந்தின இரவு, குட்டி மலம் போகும் மண் தட்டைக் காலி செய்து, கிழித்த செய்தித்தாளைப் போட்டு வைத்தேன். ராத்திரி போனதுதான் கிடைத்தது என்றால் இரண்டு கவரில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. வீட்டில் சண்டை வரும். அதற்கு நான் பொறுப்பல்ல.

ஒரு தடவை பார்த்து ஒன்றும் இல்லை என்று வந்தால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம் கிடையாது. இந்த ஒட்டுண்ணிகள் தினமும் மலத்தில் வராது. பேதி தொடர்ந்தால் இரண்டு மூன்று நாள் மலத்தைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். குட்டி சோர்ந்திருந்தால் பார்வோவுக்கான துரிதப் பரிசோதனையும் கேளுங்கள். சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். தனியாரில் அது ஆயிரம் ரூபாயைத் தொடலாம் என்பதால் விலையை முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

5. எங்கே போவது

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் வசதி. மாட்டாஸ்பத்திரி என்று சொன்னாலே ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். மூலக்கடை, மாதவரம், புழல் பக்கம் என்றால் மாதவரம் பால் பண்ணையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது. மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனை திரு.வி.க. நகர் மண்டலத்தில் உண்டு. திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் மழைநாளில் வேப்பேரி வரை வருவதற்குள் குட்டி வாடிவிடும். பக்கத்தில் தனியார் மருத்துவர் ஒருவரை அவசரத்துக்கென்று முன்பே பார்த்து வையுங்கள். அவரிடம் நுண்ணோக்கி இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடலாம்.

வேப்பேரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நான் 7:30-க்குச் சேர்ந்தேன். சீட்டுப் போட்டு, டோக்கன் வாங்கி, முறை வந்து, மலம் கொடுத்து, முடிவு வாங்கி, மருந்து எழுதி வாங்கி வெளியே வந்தபோது மணி 12. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போவதுதான் நிம்மதி. கிளம்பும் முன் அன்று ஓ.பி. உண்டா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள், பண்டிகை நாட்களில் நேரம் மாறும். இது படிப்பு சொல்லிக்கொடுக்கும் மருத்துவமனை. முதலில் மாணவர்கள் வந்து எல்லாம் கேட்பார்கள், பிறகு பெரிய மருத்துவர் வந்து மறுபடி கேட்பார். எரிச்சல் வேண்டாம். நோட்டை நீட்டிவிடுங்கள். என் நோட்டைப் பார்த்து ஒரு மாணவி, "ஆன்ட்டி, நீங்களே கேஸ் ஷீட் எழுதிட்டீங்க" என்றார். ஆன்ட்டி என்றதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

போகும் வழி: மெட்ரோவில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. வண்ணாரப்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோவுக்கு ஒரு வழிக்கு 170 ரூபாய் கொடுத்தேன். அட்டைப்பெட்டி வேண்டாம், மூத்திரத்தில் ஊறி அடிப்பகுதி பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பூனை தூக்கும் கூடை இல்லையென்றால் இரண்டு பிளாஸ்டிக் பழக்கூடைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து, நான்கு மூலையிலும் கட்டிவிடுங்கள். உள்ளே பழைய துண்டு, மேலே இன்னொரு துண்டு.

காத்திருக்கும் இடத்தில் கூடையைத் தரையில் வைக்காதீர்கள், மடியிலேயே இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அய்யோ எவ்ளோ அழகு என்று தொட வந்தால் சிரித்துக்கொண்டே மூடிவிடுங்கள். அவர் மடியில் இருக்கும் பூனைக்கு என்ன நோய் என்று உங்களுக்குத் தெரியாது.

6. கையில் இருக்க வேண்டியவை

உங்கள் அடையாள அட்டை ஒன்று, போன் நம்பர், குட்டிக்கு ஒரு பெயர். பெயர் இல்லாமல் சீட்டுப் போடத் தயங்குவார்கள். நான் அங்கேயே நின்று யோசித்து நெத்திலி என்று வைத்தேன். காப்பகத்திலிருந்தோ ஒருவர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தால் தத்தெடுப்புத் தாளும் தடுப்பூசி அட்டையும் வேண்டும். அட்டை இல்லையென்றால் கொடுத்தவரிடம் வாட்ஸ்அப்பில் மூன்று கேள்வி கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: எந்தத் தேதியில் பிறந்தது, பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள், இதுவரை என்ன சாப்பிட்டது. தருபவர்கள் பூச்சி மருந்தெல்லாம் கொடுத்தாச்சு என்பார்கள். தேதியும் மருந்தின் பெயரும் சொல்லாவிட்டால் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வேறு இடத்தில் காட்டியிருந்தால் அந்தச் சீட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். என்ன ஊசி போட்டார்கள் என்று சீட்டில் எழுதித் தராத இடத்தில், எழுதித் தாருங்கள் என்று நின்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. வேப்பேரியில் முன்னாடி என்ன மருந்து போட்டாங்க என்று கேட்டபோது, மஞ்சளாக ஒன்று, வெள்ளையாக ஒன்று என்று சொன்னேன். மானம் போனது.

7. மருந்தை உள்ளே இறக்குவது

எல்லா மருந்தும் எடைக் கணக்கில்தான். அதனால் அன்றைய எடையைச் சொல்லுங்கள். 0.3 மில்லி, 0.5 மில்லி என்று எழுதுவார்கள். கரண்டியால் அளக்க முடியாது, ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சு வாங்குங்கள். குட்டியைத் துண்டில் புடவை சுற்றுகிற மாதிரி சுற்றி, தலை மட்டும் வெளியே விடுங்கள். சிரிஞ்சை வாயின் ஓரத்தில் நுழைத்து, சொட்டுச் சொட்டாக, விழுங்க நேரம் கொடுத்து விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். பேதியை விட்டு நிமோனியாவைப் பிடித்த கதையாகிவிடும்.

மூன்றாம் நாளே மலம் கெட்டிப்பட்டால் நிறுத்தத் தோன்றும். எழுதிய நாள் வரை கொடுங்கள். உருண்டைப் புழு மருந்து குடலில் இருக்கும் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். உடம்பின் மற்ற பகுதியில் இருக்கும் இளம் புழு பிறகு குடலுக்கு வந்து வளரும். அதனால்தான் இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்கச் சொல்கிறார்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் இன்றே வட்டமிடுங்கள்.

மருந்து கொடுக்கையில் பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தால், குட்டிதானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள். தெருவில் எடுத்த குட்டி, வெறிநாய்க்கடி ஊசி போடாத குட்டி. ரேபிஸ் விஷயத்தில் துணிச்சல் வேண்டாம்.

8. நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள்

குட்டி நான்கைந்து தடவை முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை: பூச்சரத்து நூல், ரப்பர் பேண்டு, மாடியில் விழுந்து கிடக்கும் காத்தாடி நூல். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. மறுமுனை நாக்கடியில் சிக்கியிருந்தால் குடலை ரம்பம் மாதிரி அறுத்துவிடும். வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். சாமி படத்து மாலையை அதற்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

9. இப்போது என்ன போடுவது

பேதி இருக்கும் நாட்களில் தோல், எலும்பு நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மஞ்சள் எதுவும் இல்லாமல் வேகவைத்து, மசித்து, கொஞ்சம் வெந்த தண்ணீரோடு கொடுக்கலாம். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு டீஸ்பூன் போல. இது மூன்று நான்கு நாளைக்குத்தான். கோழியை மட்டுமே தின்று குட்டி வளராது. கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் போன்ற சத்துகள் சேர்த்த குட்டித் தீனிக்குத் திரும்பியாக வேண்டும்.

திரும்புவது ஒரே நாளில் நடக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதுத் தீனி, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கவில்லை என்று நான் ஐந்தே நாளில் மூன்று பிராண்டு மாற்றினேன். ஒத்துக்கொள்ளாதது தீனி அல்ல, என் அவசரம். இன்னொரு தவறு தட்டை நிரப்பி வைப்பது. பட்டினி கிடந்து பழகிய குட்டி நிறுத்தத் தெரியாமல் தின்னும், அளவு மீறினாலே பேதிதான். பாக்கெட்டின் பின்னால் எடைக்கேற்ற அளவு போட்டிருக்கும்.

மீன் பற்றிச் சொல்லாவிட்டால் காசிமேட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். பச்சை மீனும் மீன் குடலும் வேண்டாம், ஒட்டுண்ணி அதில் வரும். சில மீன்களைத் தினமும் பச்சையாகப் போட்டால் தயமின் என்ற வைட்டமின் அழிந்து நரம்புக் கோளாறும் வரும். கருவாடு உப்பு. வயிறு முழுதாகத் தேறிய பிறகு வேகவைத்து முள் எடுத்த மீனை எப்போதாவது கொஞ்சம் வைக்கலாம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், லாரித் தண்ணீராக இருந்தால் கொதிக்க வைத்து ஆற்றியது.

10. வீட்டைக் கழுவுவது

மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் பெரும்பாலும் மண் தட்டுதான். காக்சிடியா, மலத்தோடு வெளியே வந்த உடனே தொற்றாது. சூட்டிலும் ஈரத்திலும் முதிர்ந்து ஒன்றிரண்டு நாளுக்குள் தொற்றும் நிலைக்கு வரும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். ஆகவே போன உடனே அள்ளி, கவரில் கட்டிப் போடுங்கள். தட்டைத் தினமும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இந்த ஒட்டுண்ணி சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது, வெந்நீருக்குத்தான் பயப்படும். குட்டியின் பின்புறத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள், நக்கி நக்கித்தான் மறுபடி உள்ளே போகிறது.

பார்வோ என்று உறுதியானால் வெந்நீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி துணி ப்ளீச் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, காய்ந்த பிறகே குட்டியை விட வேண்டும். அந்தக் கிருமி வீட்டுக்குள் மாதக் கணக்கில், ஒரு வருடம் வரைகூடத் தாங்கும். ப்ளீச்சோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

கறுப்பு பினாயிலும் டெட்டாலும் பூனைக்கு ஆகாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். வீட்டு ஓனர் நாற்றம் அடிக்குது என்று மாடிப்படியெல்லாம் பினாயில் ஊற்றியபோது நெத்திலியைப் பாத்ரூமில் அடைத்து வைத்தேன். உண்ணிக்கு நாய்களுக்கான மருந்தைத் தடவுவதும் இதே ரகம். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகும்.

கர்ப்பிணிகள் மண் தட்டைத் தொட வேண்டாம், வேறு யாராவது அள்ளட்டும். குழந்தைகள் இருந்தால் கை கழுவுவதில் கண்டிப்பாக இருங்கள். உருண்டைப் புழு முட்டை மனிதருக்கும் கேடு.

11. செலவும் நாள் கணக்கும்

எனக்கு ஆனதை அப்படியே தருகிறேன். கிளினிக் இரண்டு தடவை 1,300. வீணான தீனிப் பாக்கெட்டுகள் 1,150. வேப்பேரிக்கு இரண்டு தடவை ஆட்டோ, சீட்டு, பரிசோதனை எல்லாம் சேர்த்து 830. வெளியே வாங்கிய மருந்து 260. மொத்தம் 3,540 ரூபாய். நேராக மலத்தோடு போயிருந்தால் 1,090-இல் முடிந்திருக்கும். இரவில் அவசரமாகத் தனியாரிடம் போய் சலைன் ஏற்றி, தங்க வைத்தால் ஒரு நாளைக்கே சில ஆயிரங்கள் ஆகலாம். எனவே கையில் 5,000 ரூபாய் தனியாக வைத்துக்கொண்டு குட்டி எடுப்பது நல்லது.

மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் பேதியின் எண்ணிக்கை குறைந்தது. நான்காம் நாள் பற்பசைப் பதம். ஏழாம் நாள் எடுத்தால் கையோடு வரும் பதம். மூன்று நாள் மருந்துக்கும் கொஞ்சமும் அசையவில்லை என்றால் ஐந்து நாள் முடியட்டும் என்று காத்திருக்காமல் மறுபடி மலத்தோடு போங்கள். மருந்து முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் இன்னொரு பரிசோதனை எடுத்து, முட்டை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

12. தேறிய பிறகு: தடுப்பூசியும் லைசென்ஸும்

பேதி இருக்கும்போது தடுப்பூசி போட மாட்டார்கள். நின்று, எடை ஏறத் தொடங்கியதும் போடலாம். ட்ரைகேட் என்று கிளினிக்குகளில் சொல்லும் ஊசியில் பார்வோவுக்கும் இரண்டு சளி நோய்களுக்கும் காப்பு உண்டு. எட்டு வாரம் போல ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் வயது ஆகும் வரை போட வேண்டும். ஒன்று போட்டாச்சே என்று நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் தவறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியைச் செல்லாமல் செய்துவிடக்கூடும். தனியாரில் ஒரு ஊசிக்கு 900 கொடுத்தேன். மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. பூச்சி மருந்து ஆறு மாதம் வரை மாதாமாதம்.

ரேபிஸ் ஊசிச் சான்று கிடைத்ததும் மாநகராட்சி இணையதளத்தில் செல்லப்பிராணி லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். சான்று, குட்டியின் படம், உங்கள் படம், முகவரிச் சான்று கேட்கிறார்கள். நான் எடுத்தபோது கட்டணம் 50 ரூபாய். வாடகை வீட்டில் இருப்பவர்கள் முகவரிச் சான்றை முன்பே தயார் செய்யுங்கள், எனக்கு ஆதாரில் பழைய கொருக்குப்பேட்டை முகவரி இருந்ததால் இரண்டு வாரம் இழுத்தது. படத்துக்கு நெத்திலியை உட்கார வைக்க மட்டும் ஒரு மாலை முழுதும் போனது.